பகைவனோடு பேசவும் ஒரு மேசை வேண்டும்

எதிரி நாட்டுக்கு எதற்குத் தனி அலுவலகம் என்று கேட்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நட்பு நாட்டு விவகாரம் ஒரு தொலைபேசி அழைப்பில் முடிந்துவிடும். முறைத்துக்கொண்டு நிற்பவனுடன்தான் ஆளும் கோப்பும் பொறுமையும் தேவைப்படுகின்றன.

2022 டிசம்பரில் அமெரிக்க இராஜாங்கத் திணைக்களம் (அவர்களின் வெளியுறவு அமைச்சு) சீனாவுக்கென ஓர் ஒருங்கிணைப்பு அலுவலகத்தைத் தொடங்கியது. ‘சீன இல்லம்’ என்பது அதன் செல்லப்பெயர். அதுவரை இருந்த சீனப் பிரிவை விரித்து, பொருளாதாரம், தொழில்நுட்பம், பாதுகாப்பு அறிந்தவர்களையும் உள்ளே அமர்த்தினார்கள். நல்ல வேலைதான். ஆனால் இரண்டு மாதம் ஆகுமுன்னரே, 2023 பெப்ரவரியில், தன் வானில் பறந்த சீன பலூனை அமெரிக்கா சுட்டு வீழ்த்தியது. அமெரிக்கப் பாதுகாப்புச் செயலாளர் பேச அழைத்தார், பீஜிங் மறுத்துவிட்டது. இராணுவத் தொடர்புகளை மீண்டும் தொடங்க அந்த ஆண்டு நவம்பரில் இரு தலைவர்களும் நேரில் சந்திக்க வேண்டியிருந்தது.

ஆகவே ஒரு பக்கம் மட்டும் மேசை போட்டால் போதாது. கியூபாவைப் பாருங்கள். 1961இல் அமெரிக்காவுடனான உறவு முறிந்தது. 1977இல் இரு தலைநகரங்களிலும் தூதரகத்துக்குப் பதிலாக நலன் காக்கும் பிரிவுகள் திறக்கப்பட்டன. ஹவானாவில் இருந்த அமெரிக்கப் பிரிவு பெயருக்குச் சுவிட்சர்லாந்தின் பொறுப்பில் இயங்கியது. திட்டிக்கொண்டே விசா கொடுத்தார்கள். 1994 உடன்பாட்டின்படி ஆண்டுக்குக் குறைந்தது 20,000 கியூபர்கள் அமெரிக்காவில் சட்டப்படி குடியேற வழி பிறந்தது. 2015இல் அதே கட்டடம் மீண்டும் தூதரகமானது.

திருகோணமலைக்காரனான எனக்கு இதில் ஒரு பயமும் உண்டு. எதிரிக்கென்று அலுவலகம் திறந்தவர்களுக்கு மற்ற நாடுகளும் அந்த எதிரியின் கண்ணாடி வழியாகவே தெரியத் தொடங்கிவிடும். எங்கள் ஊர்ச் சீனக்குடாக் காட்டுக்குள் வெள்ளைக்காரன் கட்டிய எண்ணெய்க் குதங்கள் நிற்கின்றன. (பெயரில்தான் சீனா; பங்காளி இந்தியா.) 1987இல் இந்தியப் பிரதமர் ராஜீவ் காந்தியும் இலங்கை ஜனாதிபதி ஜே.ஆர். ஜெயவர்தனவும் பரிமாறிய கடிதங்களிலேயே அவை இடம்பிடித்துவிட்டன. 2022 ஜனவரியில் 61 குதங்கள் இந்திய–இலங்கைக் கூட்டு நிறுவனத்துக்கு ஒதுக்கப்பட்டபோது, டெல்லி ஆய்வாளர்களுக்கு அது சீனாவை மறித்த செய்தி. இங்கே எத்தனை பேருக்கு வேலை கிடைக்கும், கசிவு ஏற்பட்டால் குடாவில் வலை வீசுபவன் யாரிடம் போவான் என்பவை யாருடைய கோப்பிலும் இல்லை.

வாஷிங்டனும் பீஜிங்கும் தாராளமாக மேசை போட்டுப் பேசட்டும். எங்கள் துறைமுகத்தைப் பற்றி ஏதும் தெரிய வேண்டுமானால் சீனக் கோப்பைப் புரட்டாமல், பஸ் ஏறி இங்கே வந்து கேட்கட்டும்.