வேகவைத்த முட்டையில் புரதம் அழிவதில்லை
முட்டையை வேகவைத்தால் புரதத்தின் வடிவம் சிதைந்து சத்து போய்விடும், ஆகவே பச்சையாகக் குடிப்பதே மேல் என்று சிலர் சொல்வதுண்டு. வடிவம் சிதைவது உண்மைதான். தெளிந்த வெள்ளைக்கரு சூட்டில் வெளுத்துக் கெட்டியாவது அதனால்தான். ஆனால் அங்கே குலைவது புரதச் சங்கிலியின் மடிப்பு மட்டுமே; புரதத்தின் அடிப்படைக் கூறுகளான அமினோ அமிலங்களைக் கோத்திருக்கும் பெப்டைடு பிணைப்புகள் அந்தச் சூட்டில் அறுவதில்லை, மடிப்பு அவிழ்ந்த சங்கிலியைச் செரிமான நொதிகள் வெட்டுவதும் எளிதாகிறது. வடிவத்தோடு போவது புரதத்தின் வேலை: பச்சை வெள்ளைக்கருவிலுள்ள அவிடின் என்னும் புரதம், பயோட்டின் வைட்டமினைத் தன் குழிவில் இறுகப் பற்றிக்கொண்டு உடலில் சேரவிடாது, நன்றாக வெந்தபின் அந்தப் பிடி விட்டுப்போகும், நமக்கு அது லாபமே. சரிபார்க்க விரும்புவோர் அமெரிக்க வேளாண் துறையின் இணைய உணவுத் தரவுத்தளத்தில் பச்சை முட்டையையும் வேகவைத்த முட்டையையும் தேடிப் பார்க்கலாம். இரண்டிலும் 100 கிராமுக்கு ஏறத்தாழ 12.5 கிராம் புரதம் என்றே இருக்கும்.