மது ஃப்ரிட்ஜைப் பூட்டச் சொன்னால் கடையையே மூடச் சொன்ன மாதிரி ஏன் குதிக்கிறீர்கள்?

விடிய விடியத் திறந்திருந்து பால், ரொட்டியோடு மதுவும் விற்கும் கடைக்கு அனுமதி கேட்டு மனு வந்துவிட்டால் போதும், குடியிருப்போர் கூட்டம் இரண்டாகப் பிளந்துவிடுகிறது. ஒரு கூட்டம் "கடையே வேண்டாம்" என்கிறது. இன்னொரு கூட்டம் "ராத்திரி ரெண்டு மணிக்குக் குழந்தைக்குப் பால் வேணும்னா எங்கே ஓடுறது?" என்கிறது. தொண்டை கிழியக் கத்திவிட்டுக் கலைகிறார்கள். மது விற்கும் நேரம் எதிலிருந்து எதுவரை என்று மனுவில் ஒரு வரி இருக்குமே, அதை யாருமே படித்திருப்பதில்லை. வயிறு எரிகிறது.

பாலும் ரொட்டியும் மாத்திரையும் ராத்திரி முழுக்க விற்கட்டும், யார் வேண்டாம் என்றார்கள்? கடை திறந்திருக்கும் நேரத்தையும் மது விற்கும் நேரத்தையும் தனித்தனியாக வைக்கலாம். பத்து மணி ஆனதும் மது ஃப்ரிட்ஜுக்கு ஒரு பூட்டு, அலமாரிக்கு ஒரு ஷட்டர். பில் போடும் மெஷினிலும் அந்த நேரத்துக்கு மேல் மது வகை எதையும் ஏற்காதபடி செட் பண்ணிவிடலாம். இது ஒன்றும் ராக்கெட் விடும் வேலை இல்லை.

"குடிக்கிறவன் எங்கேயும் குடிப்பான், கடை என்ன பண்ணும்?" என்று ஒருவர் கட்டாயம் எழுந்து கேட்பார். பாரில் குடிப்பவனுக்கு நாற்காலி உண்டு, கழிப்பறை உண்டு, "போதும், கிளம்பு" என்று சொல்ல ஆள் உண்டு. கடையில் பீர் கேனை வாங்கிக்கொண்டு வெளியே வருபவனுக்கு உங்கள் வாசற்படிதான் நாற்காலி, உங்கள் காம்பவுண்டுச் சுவர்தான் கழிப்பறை. 5 சதவீத பீர் 500 மில்லி கேனில் ஏறக்குறைய 20 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. உடம்பு அதைக் கரைக்க இரண்டு மணி நேரமாவது பிடிக்கும். ராத்திரி 12 மணிவரை மது விற்கலாம் என்று விட்டால், கடைசி ஆளாக நான்கு கேன் வாங்கிப் போனவனுக்கு 1 மணிக்கு மேல்தான் போதை தலைக்கு ஏறும். அப்போது கடைக்காரர் மதுக் கணக்கை முடித்திருப்பார். மாட்டிக்கொள்வது தெருக்காரர்கள்.

சத்தத்தைப் பற்றிப் பேசினால் "அனுசரிச்சுப் போங்க" என்கிறார்கள். கணக்கைப் பாருங்கள். ஒருவன் கத்தினால் ஒரு மீட்டர் தூரத்தில் 80 டெசிபல் வரும். தூரம் இரட்டிப்பாகும்போதெல்லாம் 6 குறையும். 8 மீட்டர் தள்ளியுள்ள சன்னலில் அது 62. கொஞ்சம் திறந்த சன்னல் ஒரு 15-ஐத் தடுத்தாலும் கட்டிலில் படுத்திருப்பவர் காதில் 47 விழும். படுக்கையறையில் தனிச் சத்தம் எதுவும் 45-ஐத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 1999-லேயே சொல்லிவிட்டது. இதுவும் ஒரே ஒருவன் கத்தினால்தான். குறுகலான சந்தாக இருந்தால் சுவரில் மோதித் திரும்பும் சத்தமும் சேர்ந்துகொள்ளும். சன்னலைச் சாத்திக்கொண்டு புழுங்கிச் சாகச் சொல்ல யாருக்கு உரிமை இருக்கிறது?

ஜெர்மனியின் பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலத்தில் 2010-இல் ஒரு தடை போட்டார்கள். ராத்திரி 10 முதல் காலை 5 வரை பெட்ரோல் பங்க், சூப்பர் மார்க்கெட், பெட்டிக்கடை எதிலும் மது விற்கக் கூடாது. மற்ற வியாபாரத்தை யாரும் தடுக்கவில்லை. குடித்துவிட்டு ஆஸ்பத்திரியில் சேரும் இளவட்டங்களின் எண்ணிக்கை 7 சதவீதம் போலக் குறைந்தது என்று ஆய்வு செய்தவர்கள் எழுதினார்கள். 2017 கடைசியில் அந்தத் தடையை எடுத்தும் விட்டார்கள், அது வேறு வயிற்றெரிச்சல்.

இதைவிடக் கொடுமை, "வாசலில் ஒருத்தரையும் நிற்க விடமாட்டேன், நான் பார்த்துக்கிறேன்" என்று கடைக்காரர் கூட்டத்தில் சொன்னதும் உருகிப்போய் ஆட்சேப மனுவைத் திரும்ப வாங்குகிறீர்கள் பாருங்கள், அதுதான். நாளைக்குக் கடை கைமாறினால் அந்த வாக்கு புது ஆளைக் கட்டுப்படுத்துமா? ராத்திரி ஷிஃப்டில் பெரும்பாலும் கல்லாவில் ஒரே ஒரு பையன் இருப்பான். வெளியே போதையில் நிற்கும் ஆறு பேரை அவன் எப்படி விரட்டுவான்? விரட்டச் சொல்வதே பாவம். ராத்திரியில் இரண்டு பேர் வேலையில் இருக்க வேண்டும் என்று உரிமத்திலேயே நிபந்தனை போடச் சொல்லுங்கள். ஒற்றைக் கேனும் குட்டி பாட்டிலும் விற்கக் கூடாது என்று போடச் சொல்லுங்கள், அவற்றைத்தான் வாசலிலேயே திறந்து குடிக்கிறார்கள். கேமரா கல்லாவை மட்டும் பார்த்தால் போதாது, நடைபாதையும் தெரிய வேண்டும். காலி பாட்டில்களைத் தொட்டியில் கொட்டுவதும் சரக்கு லாரி பீப் பீப் என்று ரிவர்ஸ் எடுப்பதும் பகலோடு நிற்க வேண்டும். கூலரைக் குளிர வைக்கக் கடைக்கு வெளியே வைக்கும் மெஷின் யார் வீட்டுச் சுவரைப் பார்த்து இருக்கப்போகிறது என்று கடை வரைபடத்தில் பாருங்கள், அது ராத்திரி முழுக்க உறுமும்.

ஆட்சேபத்தில் "சமுதாயம் சீரழியும்" என்று எழுதி அனுப்பாதீர்கள். அதிகாரி அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. சன்னலிலிருந்து கடை வாசல் எத்தனை மீட்டர், அக்கம்பக்கத்தில் இப்போதே எந்தத் தேதி, எத்தனை மணிக்கு என்ன ரகளை நடந்தது என்று எழுதுங்கள். ஒரே வாசகத்தை ஜெராக்ஸ் எடுத்து நூறு பேர் கையெழுத்துப் போடுவதைவிட, பத்து வீட்டுக்காரர்கள் தனித்தனியாக எழுதுவது கனம். கடைசித் தேதிக்குள் போய்ச் சேரவும் வேண்டும்.

மது விற்கும் நேரம் என்ற கட்டத்தில் "இரவு 10 வரை" என்று எழுதச் சொல்லிக் கேளுங்கள். கடைக்காரர் ஒத்துக்கொண்டால் கடை வரட்டும். "அப்படின்னா கட்டுபடியாகாது" என்றால், அவர் கணக்கு போட்டது பாலையும் ரொட்டியையும் வைத்து இல்லை என்று அவரே சொல்லிவிட்டார். அப்புறம் "கடையே வேண்டாம்" என்று கத்துங்கள், நானும் சேர்ந்து கத்துகிறேன்.