ஈஸி ரன் நாளில்தான் கண்டிப்பு வேண்டும்

நேற்றிரவு ஒரு தம்பி மெசேஜ் அனுப்பியிருந்தான். "அக்கா, நாளைக்கு பிளான்ல 26 கிலோமீட்டர் லாங் ரன். ரெண்டு நாளா காய்ச்சல். மாத்திரை போட்டதும் இப்ப இறங்கிடுச்சு. ஓடிடவா? இந்த வாரம் விட்டா இத்தனை நாள் ஓடினது எல்லாம் போயிடுமோன்னு பயமா இருக்கு."

ஓடாதே என்று உடனே பதில் போட்டேன். மாத்திரை சூட்டைத்தான் இறக்கும், தொற்றை விரட்டாது. வைரஸ் காய்ச்சல் உடம்பில் இருக்கும்போது கடுமையாக ஓடினால் இதயத் தசையில் அழற்சி வரும் ஆபத்து உண்டு. இதில் விவாதத்துக்கே இடமில்லை. ஆனால் அவன் கேள்விக்குள் இருந்த அந்தப் பயம் எனக்கு நன்றாகப் பழக்கமானது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான்கு வருடங்களுக்கு முன் என் முதல் முழு மாரத்தானுக்காக 16 வாரப் பயிற்சி பிளான் ஒன்றை எடுத்தேன். தாளில் அச்சடித்து அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டினேன். ஓடி முடித்து வந்ததும் வியர்வைக் கையோடு பச்சைப் பேனாவை எடுத்து அன்றைய கட்டத்தில் டிக் போடுவேன். ஒன்பது வாரம் ஒரு கட்டம்கூடக் காலியில்லை. அந்தத் தாளைப் பார்க்கும்போது வந்த நிறைவு, ஓடும்போதுகூட வந்ததில்லை.

பத்தாவது வாரம் இடது முன்னங்காலின் உட்புறம், கணுக்காலுக்கு ஒரு சாண் மேலே, வலி தொடங்கியது. முதலில் ஒரு கிலோமீட்டர் ஓடியதும் மறைந்துவிடும். பிறகு மூன்று கிலோமீட்டர் வரை வந்தது. பிறகு போகவே இல்லை. அந்தச் செவ்வாய்க்கிழமை 800 மீட்டர் ஆறு முறை என்று பிளான் சொன்னது. நான்காவது சுற்றில் கால் நொண்டியது. ஆறையும் முடித்தேன். அன்று இரவு கட்டிலில் உட்கார்ந்து கட்டைவிரலால் எலும்பை அழுத்திக்கொண்டே வந்தேன். மற்ற இடமெல்லாம் சும்மா இருந்தது. ஒரே ஓர் இடத்தில், ஒரு நாணயத்தின் அகலத்துக்கு, சுரீர் என்றது. தசை வலி அப்படி ஒரு புள்ளியில் நிற்காது, இப்போது தெரியும். அப்போது ஐஸ் வைத்துவிட்டுத் தூங்கினேன். ஞாயிற்றுக்கிழமை 28 கிலோமீட்டர் ஓடினேன். டிக் போட்டேன்.

அந்தத் தாளில் நான் போட்ட கடைசி டிக் அதுதான். எலும்பில் நுண்முறிவு. எட்டு வாரம் ஓட்டம் கூடாது என்றார்கள். பந்தய நாளன்று நான் வீட்டில் இருந்தேன். பத்தாவது வாரத்தில் நாலைந்து கட்டத்தைக் காலியாக விட்டிருந்தால் தொடக்கக் கோட்டில் நின்றிருப்பேன். இதை நினைத்தால் இன்றும் மனசு கனக்கிறது.

ஏன் சரியாகப் பிளானின் நடுவில் வந்து முறிகிறது? உடம்பின் எல்லாப் பகுதியும் ஒரே வேகத்தில் பழகுவதில்லை. இதயமும் மூச்சும் சில வாரங்களிலேயே தேறிவிடும். தசைநாணுக்கும் எலும்புக்கும் மாதக்கணக்கில் ஆகும். எலும்பு தன்னைப் புதுப்பிக்கும்போது பழையதை முதலில் அரித்தெடுத்துவிட்டுத்தான் புதியதை வைக்கிறது. அந்த இடைப்பட்ட வாரங்களில் அது முன்பைவிடச் சற்றே பலவீனமாக இருக்கும். அதே வாரங்களில்தான் மூச்சு இலகுவாகி, "இன்னும் ஓடலாம்" என்று நமக்குத் தோன்றும். பிளான் எழுதியவருக்கு நம் எலும்பு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று எப்படித் தெரியும்? நேற்று நாம் எத்தனை மணிக்குத் தூங்கினோம் என்றுகூட அந்தத் தாளுக்குத் தெரியாது.

அதற்காகப் பிளானே வேண்டாம் என்பவர்கள் பக்கம் நான் இல்லை. குணமான பிறகு ஆறு மாதம் அதையும் செய்து பார்த்தேன். தோன்றும்போது ஓடுவது, தோன்றிய தூரம் ஓடுவது. மனசுக்கு இதமாகத்தான் இருந்தது. வாட்ச்சில் பின்னோக்கிப் பார்த்தபோது கிட்டத்தட்ட எல்லா ஓட்டமும் 7 கிலோமீட்டர், எல்லாம் ஒரே பேஸ். மெதுவும் இல்லை, வேகமும் இல்லை. லாங் ரன் என்று ஒன்று வரவே இல்லை. உடம்பு தனக்குப் பழகியதைத்தான் கேட்கும், பழகாததை யாராவது எழுதிவைக்க வேண்டியிருக்கிறது. நியூசிலாந்துப் பயிற்சியாளர் ஆர்தர் லிடியார்ட் 800 மீட்டர் ஓடுகிற பீட்டர் ஸ்னெல்லையும் வாரம் 160 கிலோமீட்டர் வரை ஓடவைத்தார். முதலில் நீண்ட ஓட்டம், அப்புறம் மேடு, கடைசியில்தான் வேகம். 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஸ்னெல் 800 மீட்டரிலும், லிடியார்டின் இன்னொரு மாணவர் முர்ரே ஹால்பெர்க் 5,000 மீட்டரிலும் ஒரே நாளில் தங்கம் வென்றார்கள். அந்த வரிசை எந்த ஓட்டக்காரருக்கும் காலையில் எழுந்ததும் தானாகத் தோன்றாது.

ஆக பிளான் வேண்டும், வளையவும் வேண்டும். இதுவரை எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள். என் சண்டை, நாம் எங்கே வளைகிறோம் என்பதில்.

ஈஸி ரன் நாளைப் பாருங்கள். கிலோமீட்டருக்கு 7 நிமிடம் என்று எழுதியிருக்கும். முன்னால் ஒருவர் போவார், கால் தானாக வேகமெடுக்கும், 6 நிமிடத்தில் முடித்துவிட்டு வருவோம். அதை யாரும் பிளானை மீறியதாக நினைப்பதில்லை. கட்டத்தில் டிக் விழுந்துவிடுகிறதே! ஆனால் அடுத்த நாள் இன்டர்வெல்லுக்கு, அதாவது வேகமாக ஓடி, சற்று இளைப்பாறி, மறுபடி வேகமாக ஓடும் பயிற்சிக்கு, கால் கட்டையாக வரும்போது மட்டும், "பிளான்ல இருக்கு, முடிச்சே ஆகணும்" என்று பல்லைக் கடிக்கிறோம். இது தலைகீழ். மெதுவாக ஓடச் சொன்ன நாளில் ஒரு நொடிகூட விட்டுக்கொடுக்கக் கூடாது. பேச்சு தடைபடாமல் ஓட முடிகிறதா என்று பார்த்து, முடியாவிட்டால் நடக்கக்கூட வேண்டும். கடினமான நாளில்தான் உடம்பின் சொல்லைக் கேட்டுத் தள்ளிப்போடவோ பாதியில் நிறுத்தவோ நமக்கு உரிமை வேண்டும்.

பிரிட்டன் ஓட்டக்காரர் ரோஜர் பானிஸ்டர் உலகில் முதல் ஆளாக ஒரு மைலை 4 நிமிடத்துக்குள் ஓடத் தயாரான கதையை அடிக்கடி நினைத்துக்கொள்வேன். மருத்துவ மாணவர். 440 கஜச் சுற்றை, அதாவது கால் மைலை, பத்து முறை, நடுவே 2 நிமிட இடைவெளி, இதுதான் அவருடைய முக்கியமான பயிற்சி. மாதக்கணக்கில் ஒரு சுற்றின் நேரம் இறங்கி இறங்கி, 1954 ஏப்ரலில் 61 நொடியில் வந்து நின்றுவிட்டது. அவருக்கு வேண்டியது 60-க்குக் கீழே. இன்னும் இரண்டு சுற்று சேர்த்து ஓடுவோம் என்றுதான் நம்மில் பலருக்குத் தோன்றும். அவர் சக ஓட்டக்காரர் கிறிஸ் பிராஷரோடு ஸ்காட்லாந்துக்கு மலையேறப் போய்விட்டார். சில நாள் ஓட்டமே இல்லை. திரும்பி வந்து ஓடினால் 59. பந்தயத்துக்கு முன் ஐந்து நாள் மறுபடி ஓய்வு. மே 6 அன்றும் காற்று பலமாக வீசியதால் இந்த முயற்சி வேண்டாம் என்றே இருந்தவர், காற்று தணிந்த பிறகுதான் சரி என்றார். 3 நிமிடம் 59.4 நொடி. அந்த மாதங்களின் கண்டிப்பு இல்லாமல் மலையேறப் போயிருந்தால் எதுவும் கிடைத்திருக்காது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

"சோம்பலா, உண்மையான களைப்பா, எப்படிக் கண்டுபிடிப்பது?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. நான் ஷூவைக் கட்டிக்கொண்டு வெளியே போய்விடுவேன். பத்து நிமிடம் மிக மெதுவாக ஓடுவேன். சோம்பல் என்றால் அதற்குள் கரைந்துவிடும். களைப்பென்றால் பத்தாவது நிமிடம் முதல் நிமிடத்தைவிடக் கனமாக இருக்கும், அப்போது திரும்பிவிடுவேன். வலி என் நடையை மாற்றினால் அந்த நிமிடமே நிறுத்துவேன், வீடு எவ்வளவு தூரம் இருந்தாலும் நடந்துதான் வருவேன். இப்போதும் தாள் அதே கதவில் இருக்கிறது. ஆனால் நாளுக்கொரு கட்டம் இல்லை, வாரத்துக்கொரு கட்டம். அதற்குள் ஒரு லாங் ரன், ஒரு கடின ஓட்டம், மற்றவை ஈஸி. எது எந்த நாள் என்று எழுதுவதில்லை. இரண்டு கடின ஓட்டங்களுக்கு நடுவே இரண்டு நாளாவது இடைவெளி வேண்டும் என்பதை மட்டும் மாற்றுவதில்லை.

இன்று மாலை தம்பி மறுபடி எழுதினான். "ஓடல அக்கா. அந்த 26-ஐ புதன்கிழமை போட்டுக்கவா?"

வேண்டாம்ப்பா. அந்த 26 போனது போனதுதான், அதைக் கடனாகச் சுமக்காதே. ஒரு வாரம் ஓடாததால் நீ இழப்பது மிகக் குறைவு. காய்ச்சல் முழுசாக விட்டு, மாத்திரை இல்லாமலே உடம்பு தெம்பாக இருக்கும் நாளில் 4 கிலோமீட்டர் போ. பேசிக்கொண்டே ஓடுகிற வேகத்தில். மூச்சு வாங்கினால் திரும்பி நடந்து வா. வந்ததும் எனக்கு எழுது, அடுத்த ஞாயிற்றுக்கிழமை எவ்வளவு ஓடலாம் என்று சேர்ந்தே பார்ப்போம்.