யாழ்ப்பாணத்துச் செய்தியை அடுக்குவது யார்?

யாழ்ப்பாணத்துப் பத்திரிகைச் செய்தி ஒன்றை இங்கிருந்து முகநூலில் பகிர்ந்தால், கனடாவின் ஸ்காபரோவில் இருக்கிற எங்கள் சனத்துக்கு அது தெரியாது. 2023 ஆகஸ்ட்டில் இருந்து இதுதான் நடைமுறை. கூகுள், மெட்டா போன்ற பெருநிறுவனங்கள் செய்தி நிறுவனங்களுக்குக் காசு கொடுக்கவேண்டும் என்று கனடா நாடாளுமன்றம் சட்டம் கொண்டுவந்தது. கூகுள் பேரம் பேசி, ஆண்டுக்கு 100 மில்லியன் கனேடிய டொலர் தர ஒத்துக்கொண்டது. முகநூலை நடத்துகிற மெட்டா மறுத்து, முகநூலிலும் இன்ஸ்ராகிராமிலும் செய்தியையே மறித்துவிட்டது. கனடாச் செய்தி மட்டுமில்லை, வெளிநாட்டுச் செய்தி நிறுவனங்களுடையதும் சேர்த்துத்தான். அதே மாதம் பிரிட்டிஷ் கொலம்பியாவில் காட்டுத்தீ பரவி ஆயிரக்கணக்கான சனம் வீடுகளை விட்டு ஓடியபோதும் அந்தத் தடையை எடுக்கவில்லை.

அது ஒட்டாவாவுக்கும் கலிபோர்னியாவுக்கும் நடந்த பணச் சண்டை. எங்களை யாரும் கேட்கவில்லை. ஆனால் இந்த ஊரைப் பற்றி இரவு பகலாகக் கதைக்கிற சனம் பெருந்தொகையாக வாழ்கிற நாடு கனடா. அங்கே, செய்தியாளர் நேரில் போய் விசாரித்து எழுதியது மறைகிறது. பெயரில்லாத பக்கம் ஒன்று அதையே வெட்டி, தலைப்பை மாற்றி, சிவப்பு எழுத்தில் படமாகப் போட்டால் அது தடையில்லாமல் போகிறது. அந்தப் படத்தைப் பார்த்துத்தான் காணி, கோயில், கட்சி என்று அங்கே சண்டை தொடங்குகிறது. பேந்து அந்தச் சண்டை வட்ஸ்அப் குழுவில் எங்களிடமே திரும்பி வருகிறது.

யூடியூப்பில் வருகிற உதவி வீடியோக்களையும் இதோடு சேர்த்துத்தான் பார்க்கவேண்டும். வன்னியில் அல்லது தீவகத்தில் ஒரு தகரக் கொட்டில். கமரா நேரே அடுப்படிக்குள் போகும். பானையைத் திறந்து காட்டச் சொல்வார்கள். "அம்மா, இண்டைக்கு என்ன சமைச்சனீங்கள்?" என்று கேட்பார்கள். அவர் பதில் சொல்லத் தடுமாறும்போது கமரா முகத்துக்குக் கிட்டப் போகும். பின்னால் பள்ளிக்கூடச் சட்டையோடு பிள்ளை நிற்கும். அந்த முகத்தை யாரும் மறைப்பதில்லை. அடுத்தநாள் அந்தப் பிள்ளை அதே வகுப்பில், அதே சிநேகிதப் பிள்ளைகளுக்கு நடுவில் போய் இருக்கவேண்டும்.

அந்த வீட்டுக்கு அரிசி போனது நல்லது. உதவுகிறவர்களின் மனதையும் நான் குறை சொல்லவில்லை. ஆனால் வீடியோ எடுக்கிறவருக்கு வருமானம் எப்படி வருகிறது என்று யோசியுங்கள். ஒரே வீடியோவை யாழ்ப்பாணத்தில் ஒருவர் பார்ப்பதைவிட ரொறன்ரோவில், லண்டனில், சூரிச்சில் ஒருவர் பார்த்தால் விளம்பரக் காசு கூட. இடையில் நிறுத்தாமல் கடைசிவரை பார்க்கிற வீடியோவைத்தான் யூடியூப் இன்னும் நாலு பேருக்குக் கொண்டுபோய்க் காட்டும். அழுகை இருந்தால் சனம் கடைசிவரை பார்க்கும். பானை ஏன் வெறுமையானது, கிழமைக்குக் கிழமை வாசலுக்கு வருகிற நுண்கடன்காரருக்கு எவ்வளவு போகிறது, வட்டி என்ன என்று பொறுமையாக விளக்குகிற செய்தியை யார் கடைசிவரை பார்ப்பார்? இப்படியே போனால் உலகத்துத் தமிழர் மனதில் எங்கள் ஊர், கையேந்தி அழுகிற ஊராகப் பதிந்துவிடும். எனக்கு இதில் உண்மையான கோபம் இருக்கிறது.

இந்த ஆட்டத்தின் விதியை எழுதுகிறவர்களுக்கு விளைவு தெரியாமலும் இல்லை. 2017இல் முகநூல், கோபக் குறி உட்பட்ட உணர்ச்சிக் குறிகளுக்கு ஒரு லைக்கைவிட ஐந்து மடங்கு மதிப்புக் கொடுத்தது. கோபத்தை அதிகம் வாங்குகிற பதிவுகளில்தான் பொய்யும் வசையும் கூட என்று 2019இல் அவர்களுடைய ஆய்வாளர்களே கண்டறிந்தார்கள். 2020இல்தான் கோபக் குறியின் மதிப்பைப் பூச்சியமாக்கினார்கள். இடையில் இந்த நாட்டில் என்ன நடந்தது? 2018 பெப்ரவரியில் அம்பாறையில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் கருத்தடை மாத்திரை கலக்கிறார்கள் என்ற பொய் முகநூலில் பரவி, அடி விழுந்தது. மார்ச்சில் கண்டி மாவட்டத்துத் திகனவில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தன. இனவெறுப்புப் பதிவுகளைச் சனம் முறையிட்டும், விதிமீறல் இல்லை என்ற பதில்தான் வந்தது. மெட்டா மன்னிப்புக் கேட்டது 2020 மே மாதத்தில். இரண்டு வருசம் கழித்து.

மாவீரரை நினைவுகூர்கிற எங்களுடைய நவம்பரும் இவர்கள் கையில்தான். இறந்த மகனுடைய படத்தைத் தாய் போட்டாலும், விடுதலைப் புலிகள் இயக்கத்தைப் புகழ்கிற பதிவு என்று கணக்கு முடங்கலாம். துக்கத்தையும் புகழ்ச்சியையும் பிரித்தறியத் தமிழும் தெரியவேண்டும், இந்த மண்ணும் தெரியவேண்டும். தங்கள் விதியையே இவர்கள் எப்படி வைத்திருக்கிறார்கள் என்பதற்கு ஒரு சான்று உண்டு. மெட்டா தடைசெய்த குர்திஷ் இயக்கத்தின் தலைவர் ஒச்சலானின் தனிமைச் சிறை பற்றிய பதிவு ஒன்றை அகற்றிய வழக்கு, மெட்டாவின் மேற்பார்வைச் சபைக்குப் போனது. அப்படிப்பட்ட பதிவை அனுமதிக்கிற உள்விதி ஒன்று மூன்று வருசமாகத் தொலைந்து கிடந்தது 2021இல் அந்த வழக்கில்தான் வெளிவந்தது.

அதற்காக அரசாங்கத்திடம் கடிவாளத்தைக் கொடு என்று நான் சொல்லமாட்டேன். இலங்கையின் 2024ஆம் ஆண்டு நிகழ்நிலைக் காப்புச் சட்டம், இணையத்தில் எது பொய் என்று தீர்மானிக்கிற அதிகாரத்தை ஜனாதிபதி நியமிக்கிற ஆணைக்குழுவிடம் கொடுக்கிறது. பத்திரிகைக் காரியாலயம் எரிந்ததையும் உள்ளே புகுந்து ஊழியர்களைச் சுட்டதையும் கண்ட ஊர் இது. 1981இல் ஈழநாடு, 2006இல் உதயன்.

நாங்களே செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. நூலகம் இணையத்தளத்தைப் பாருங்கள். 2005இல் தொடங்கி, எந்தப் பெருநிறுவனத்தின் தயவும் இல்லாமல் எங்கள் புத்தகங்களையும் பழைய பத்திரிகைகளையும் யாரும் இலவசமாகத் திறந்து படிக்க வைத்திருக்கிறார்கள். இங்குள்ள பத்திரிகைகளும் முகநூலை நம்பி இருக்காமல், செய்தியை நேரே மின்னஞ்சலில் அனுப்புகிற ஒழுங்கைச் செய்யவேண்டும். பிழை விட்டால் திருத்தத்தையும் அதே இடத்தில் போடவேண்டும். பிள்ளையின் முகம் தெரிகிற வீடியோவை தயவுசெய்து பகிராதீர்கள். கனடாவில் இருக்கிற அண்ணன்மார், அக்காமார், தடை முகநூலுக்கும் இன்ஸ்ராகிராமுக்கும் உள்ளேதான். பத்திரிகையின் இணையத்தளத்தை நேரே திறந்தால் எல்லாம் தெரியும். அங்கே சந்தா கேட்டால் கட்டுங்கள்.