சிறிய கம்பெனிக்கும் தரவுச் சட்டம் உண்டு

"தரவுப் பாதுகாப்புச் சட்டமெல்லாம் கூகுள், ஃபேஸ்புக் போன்றவற்றுக்குத்தான், திருப்பூரில் இருபது பேரை வைத்து நடத்தும் பனியன் கம்பெனியை அது தொடாது" என்று நண்பர் ஒருவர் எழுதியிருப்பது சரியன்று. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் ஆள் எண்ணிக்கையையோ விற்றுமுதலையோ வைத்துப் பொது விலக்கு ஏதுமில்லை. குறிப்பிட்ட சில வகையினருக்குச் சில பிரிவுகளிலிருந்து மட்டும் விலக்களிக்கும் அதிகாரத்தை 17-ஆம் பிரிவு மத்திய அரசுக்குத் தருகிறதே தவிர, சிறியவர் என்பதாலேயே எவரும் தாமாக விலகிவிட முடியாது.

வேலைக்குச் சேர்பவரின் ஆதார் நகல் காகிதக் கோப்பில் மட்டும் இருக்கும்வரை இச்சட்டம் அதற்குப் பொருந்தாது. அதே அட்டையைக் கைப்பேசியில் படமெடுத்து, கான்ட்ராக்டரின் வாட்ஸ்அப் குழுவில் போட்டால் (நம் பக்கம் வழக்கமாக நடப்பது இதுதானே) அது டிஜிட்டல் தரவாகிவிடுகிறது. வேலை தொடர்பான தேவைக்கு ஒப்புதலின்றியும் விவரங்களைக் கையாள 7-ஆம் பிரிவு இடமளிக்கிறது. ஆனால் அவற்றைப் பாதுகாக்கும் கடமை அதனால் நீங்குவதில்லை. பலர் அஞ்சும் 250 கோடி ரூபாய் அபராதம் என்பது உச்சவரம்பு மட்டுமே. மீறலின் தன்மையையும் கடுமையையும் பார்த்தே, இச்சட்டத்தின்கீழ் அமையும் தரவுப் பாதுகாப்பு வாரியம் தொகையை முடிவு செய்யும்.

"இன்னும் முழுதாக அமலுக்கு வரவில்லை" என்று அந்த நண்பர் சொன்னதில் மட்டும் உண்மை உண்டு. இச்சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாயின. முதன்மையான கடமைகளுக்கு அதிலிருந்து 18 மாத அவகாசம் தரப்பட்டுள்ளது. அதுவரை எதுவுமே இல்லை என்று கருத வேண்டாம்: தொழிலாளியின் வங்கிக் கணக்கு விவரம் நம் அலட்சியத்தால் கசிந்து அவருக்கு இழப்பு நேர்ந்தால், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவின்படி இழப்பீடு தர வேண்டிவரும், அப்பிரிவு தனியுடைமை நிறுவனத்தையும் (ஒருவரே உரிமையாளராக நடத்துவது) வெளிப்படையாகவே உள்ளடக்குகிறது.