தேக்குத் தரையில் ஹோமம்

போன மாதம் பர்மாவின் மலையூரான மேமியோவில் சித்தப்பா மகள் கல்யாணம். ஊர்ப் பலகை பியின் ஊ லுவின் என்று சொன்னாலும் ரங்கூனில் எங்கள் வீட்டில் அது இன்னும் மேமியோதான். வெள்ளைக்காரன் காலத்து பங்களா ஒன்றைப் புதுப்பித்து, மாடியில் ரெஸ்டாரண்டும் கீழே விசேஷ ஹாலுமாக நடத்துகிறார்கள். அதைத்தான் பிடித்திருந்தோம். அட்வான்ஸ் வாங்கும்போதே ஒரே ஒரு நிபந்தனை போட்டார்கள்: உள்ளே நெருப்பு கூடாது.

பெரியப்பா கொதித்துவிட்டார். "அக்னி இல்லாமல் என்ன கல்யாணம்? மூன்று தலைமுறையாக இந்த நாட்டில் இருக்கிறோம், ஒரு ஹோமம் வளர்க்க விடமாட்டார்களா?"

மேனேஜர் சின்ன வயதுப் பர்மியப் பெண். எதிர்த்துப் பேசவில்லை. ஜமுக்காளத்தின் ஒரு முனையைத் தூக்கிக் காட்டினார். தேக்குப் பலகையில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்குக் கருகிப்போன வட்டம். எப்போதோ யாரோ கணப்புச் சட்டியை அப்படியே தரையில் வைத்திருக்கிறார்கள். பழுது பார்த்த தச்சர் அதை இழைக்காமல் விட்டுவிட்டாராம்.

நான் அந்த மேனேஜர் கட்சி. சொந்தக்காரர்கள் கோபித்துக்கொண்டாலும் சரி. அந்த ஊர்ப் பழைய வீடுகள் பல மரச்சட்டத்துக்கு நடுவே செங்கல் நிரப்பிக் கட்டியவை. நிலம் ஆடினால் சட்டமும் கொஞ்சம் சேர்ந்து ஆடிக்கொடுக்கும். 2025 மார்ச் 28 நிலநடுக்கத்தில் இந்த வீட்டின் புகைபோக்கி சரிந்ததோடு சரி. ஆனால் தீ என்றால் அதே மரம்தான் விறகு. போன செங்கல்லைத் திரும்ப வைக்கலாம், அந்த அகலத் தேக்குக்கு இன்று எங்கே போவது? காரைக்குடிப் பக்கம் வீட்டு வீட்டுக்குத் தூணாக நிற்பதும் இந்தப் பர்மாத் தேக்குதானே. இந்தத் தேக்குக்காகத்தான் 1885இல் பம்பாய் பர்மா என்ற வெள்ளைக்கார மரக் கம்பெனிக்குப் பர்மிய மன்னர் தீபோ போட்ட அபராதமே வெள்ளைக்காரன் சண்டைக்குச் சாக்காகி, அவர் நாடு கடத்தப்பட்டு இந்தியாவில் ரத்னகிரிக்குப் போக வேண்டிவந்தது.

"வெள்ளைக்காரன் பங்களாவில் விருந்து என்ன பெருமை?" என்று ஒரு நண்பர் கேட்டார். பெருமை இல்லை. ஆனால் பூட்டிவைத்த மரவீட்டை அந்த மலை ஈரமும் கரையானும் சும்மா விடாது. தினமும் ஜன்னல் திறக்கவேண்டும், கூரை ஒழுகினால் அன்றைக்கே பார்க்கவேண்டும். அந்தச் செலவை மாடி ரெஸ்டாரண்டின் டான்பாவும் (பர்மிய பிரியாணி) கல்யாணமும்தான் கொடுக்கின்றன. (ஜெனரேட்டர் டீசலுக்குத் தனி பில் வந்தது வேறு கதை.)

எனக்குக் குறை வேறு. ஹால் சுவரெல்லாம் கம்பெனி துரைகளின் போட்டோ. குதிரை, நாய், டென்னிஸ் மட்டை. சமைத்துப் போட்டவர்கள் ஒரு படத்திலும் இல்லை. பின்கட்டுச் சமையல் வரிசையைப் பாதி இடித்து டாய்லெட் ஆக்கியிருக்கிறார்கள். மிச்சத்தில் சிமென்ட் பூச்சு. பழைய சுண்ணாம்புச் சுவரில் சிமென்ட் பூசினால் ஈரம் வெளியே வர வழியில்லாமல் செங்கல்லே உதிரும். முன்வாசலுக்குக் காட்டிய அக்கறையில் கால்வாசி பின்னால் இல்லை.

கடைசியில் போர்டிகோவில் தகரத் தட்டு, மேலே செங்கல், மணல், அதில் ஹோமம். நல்லபடியாகவே நடந்தது. அப்புறம்தான் தெரிந்தது, அம்மியைப் பஸ்ஸிலேயே விட்டுவிட்டோம். ஒரு செங்கல்லை வைத்துச் சமாளிக்கலாம் என்றார் ஐயர். பெரியம்மா கேட்கவில்லை, பின்பக்கம் போனார். டாய்லெட் கதவுக்கு முட்டுக்கொடுத்திருந்த கல்லைப் புரட்டிப் பார்த்து, "டேய், இது அம்மிடா!" என்று கத்தினார். நடுவில் வழவழவென்று குழிந்திருந்தது, எத்தனை வருஷ மிளகாயோ. குழவியைக் காணோம். கழுவி, மஞ்சள் பூசிக் கொண்டுவந்தோம். பொண்ணு அதில்தான் கால் வைத்தாள்.

மறுநாள் கிளம்பும்போது பார்த்தேன், கல் மறுபடியும் கதவடியில். மஞ்சள்கூட அழியவில்லை. அது என்ன கல், யார் அரைத்தது, ஏன் ஹாலில் அந்தப் போட்டோக்களுக்குக் கீழே வைக்கவேண்டும் என்று மேனேஜருக்கு நீளமாக ஒரு மெசேஜ் போட்டிருக்கிறேன். பதில் வந்தால் சொல்கிறேன். இங்கே தடையைத் தாண்டி இணையத்துக்குள் போக உதவும் விபிஎன் சரியாக ஓடாததால் படம் ஏற்ற முடியவில்லை.