‘குடும்பச் சூழல்’ என்றால் என்ன, ஐயா?

ஈழத்து எழுத்தாளர் கே. டானியலுக்காக ஞாயிற்றுக்கிழமை நடந்த கூட்டத்தைப் பற்றி எழுதுவதில்லை என்றுதான் இருந்தேன். ஆனால் மூன்று நாளாக அதன் வீடியோ கண்ணுக்கு முன்னால் வந்து வந்து நிற்கிறது. பார்த்தவர்கள் எல்லாம் கைகூப்பி, பூங்கொத்து வைத்துவிட்டுப் போகிறார்கள். சரி, நானும் என்னுடையதை வைத்துவிட்டுப் போகிறேன்.

கே. டானியலைப் பற்றி நாற்பது நிமிடப் பேச்சு. அதில் அவருடைய பிள்ளைப் பருவத்துக்கும் தொடக்க காலத்துக்கும் கிடைத்தது ஒரே ஒரு வசனம்: ‘எளிய குடும்பத்தில் பிறந்து, குடும்பச் சூழல் காரணமாக மேலே படிக்க முடியாமல், விடாமுயற்சியால் எழுத்தாளரானவர்.’ கொழும்பு வெள்ளவத்தையில், ஏசி மண்டபத்தில், வரிசையாகக் கதிரைகளில் இருந்து தலையாட்டினோம். நானும் ஆட்டினேனோ தெரியாது. வீடியோவில் என் பின்மண்டைதான் தெரிகிறது.

என்ன குடும்பச் சூழல் ஐயா அது? தகப்பன் குடித்து அழித்தாரா? வயல் வெள்ளத்தில் போனதா? எளிய குடும்பம் என்றால் என் பக்கத்து வீட்டு கிளார்க் குடும்பமும் எளிய குடும்பம்தான். டானியல் பிறந்தது யாழ்ப்பாணத்தில், ஆனைக்கோட்டையில், கோயிலுக்குள் விடாத, கிணற்றில் அள்ளவிடாத சாதிகளில் ஒன்றில். அந்தச் சாதிகளுக்கு ஊர் வைத்திருந்த பொதுப்பெயரைத்தான் அவர் 1972இல் தன் நாவலுக்குப் பெயராகவே வைத்தார்: ‘பஞ்சமர்’. அவர் புத்தக அட்டையிலேயே அச்சடித்த சொல்லை உங்களால் ஒலிவாங்கியில் சொல்ல முடியவில்லை. அந்த நாவலைப் பத்து நிமிடம் புகழ்ந்தீர்கள். யாருடைய கதை என்று மட்டும் சொல்லவில்லை.

அவர் பள்ளிக்கூடத்துக்குப் போன காலம் எப்படிப்பட்டது? அதற்குக் கொஞ்ச வருடத்துக்கு முன்னால், 1930ஐ ஒட்டி, எல்லாப் பிள்ளைகளையும் ஒரே வாங்கில் இருத்தவேண்டும் என்று அரசாங்கம் சொன்னதற்காக யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடங்களையே கொளுத்தியிருக்கிறார்கள். அதுவரைக்கும் சில பிள்ளைகளுக்கு நிலம்தான். டானியலோடு வளர்ந்த இன்னொரு எழுத்தாளர் டொமினிக் ஜீவா, வாத்தியாருடைய ஒரு சாதிச் சொல்லோடு பள்ளிக்கூடத்தை விட்டு வந்த கதையைத் தானே எழுதி வைத்திருக்கிறார். இதையெல்லாம் அள்ளிப் போட்டு ‘குடும்பச் சூழல்’ என்று ஒரு மூடி போட்டால் எப்படி? அது குடும்பத்தின் சூழல் இல்லை, ஊரின் சூழல். நம்முடைய ஊர். நம்முடைய தாத்தாமார்.

‘விடாமுயற்சி’ இன்னும் மோசம். ஓஎல் பரீட்சையை மூன்றாம் தரம் எடுக்கிற பெடியனுக்குச் சொல்கிற சொல் அது. டானியல் தனியாக மூலையில் இருந்து முயற்சி செய்து எழுத்தாளராகவில்லை. கூலி வேலை, பிறகு வாகனம் திருத்துகிற கராஜ், இடையில் கம்யூனிஸ்ட் கட்சி. 1940களின் கடைசியில் தமிழ்நாட்டிலிருந்து கம்யூனிஸ்ட் தலைவர் தோழர் ஜீவானந்தம் தலைமறைவாக யாழ்ப்பாணம் வந்தபோது அவரைச் சுற்றி இருந்த இளந்தாரிகள் இவர்கள்; அந்தப் பெயரைத்தான் டொமினிக் தன் பெயரோடு ஒட்டிக்கொண்டார். சலூனில் டொமினிக் கையில் கத்தரிக்கோல், கராஜில் டானியல் கையில் ஸ்பானர். சலூனும் கராஜும்தான் இவர்களுக்குப் பல்கலைக்கழகம். அங்கே வாசித்தார்கள், சண்டை பிடித்தார்கள், எழுதினார்கள். அப்புறம் பண்டிதர்கள் அந்த எழுத்தின் பேச்சுத்தமிழை ‘இழிசனர் வழக்கு’, அதாவது கீழானவர்களின் பேச்சு, என்றார்கள். அறுபதுகளில் இலக்கியச் சண்டையே அதுதானே! அந்தப் பண்டிதர்களின் பேரன்மார்தான் இன்றைக்கு அவருக்குப் பொன்னாடை இல்லாத குறையாகப் பேசுகிறார்கள். ஆள் செத்துவிட்டார் என்பது எவ்வளவு வசதி.

‘இப்போது எங்கே சாதி இருக்கிறது, நீதான் கிளறுகிறாய்’ என்று எழுதப் போகிறவர்கள் தயவுசெய்து முதலில் ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் மணமகள் தேவை பக்கத்தைப் பாருங்கள். பிறகு வாருங்கள், பேசுவோம்.

‘இந்த நேரத்தில் தமிழர் ஒற்றுமை முக்கியம்’ என்பவர்களுக்கு: 1957இல் தீண்டாமைக்கு எதிராகச் சட்டம் வந்தபோதும் நேரம் சரியில்லை. 1966இல் சுன்னாகத்திலிருந்து தீண்டாமைக்கு எதிராக ஊர்வலம் போனபோதும் நேரம் சரியில்லை. 1968இல் உள்ளே விடச் சொல்லி மாவிட்டபுரம் கோயில் வாசலில் நின்றபோதும் நேரம் சரியில்லை. ஒரு நல்ல நாள் பார்த்துச் சொல்லுங்கள், காலண்டரில் குறித்து வைக்கிறேன்.

ஒரு நண்பர் கேட்டது மட்டும் கொஞ்சம் யோசிக்க வைத்தது. டானியலே வர்க்கம் பேசியவர், சீனச் சார்புக் கம்யூனிஸ்ட் கட்சியில் நின்றவர், அவரை ஒரு சாதிக்குள் அடைக்கலாமா என்றார். உண்மைதான். அவர் வெறும் சாதிக் கணக்குப் பார்த்த ஆள் இல்லை. ஆனால் தேநீர்க்கடைக்குள் போவதற்கும் கோயிலுக்குள் போவதற்கும் நடந்த போராட்டங்களில் தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கத்தோடு நின்ற மனுசன் அவர். தேநீர்க்கடையில் மற்றவர்களுடைய கோப்பையைத் தொடாதபடி சிரட்டையும் போத்தலும் எந்த வர்க்கத்துக்குக் கொடுத்தார்கள்? பணம் கொடுத்துத்தானே வாங்கிக் குடித்தார்கள்? சரி, இதில் நான் இன்னும் வாசிக்கவேண்டும். விடுங்கள்.

சொல்லவேண்டாம் என்று நினைத்ததையும் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் அப்பா எழுபதுகளில் கொழும்புக்கு வந்தவர். கொட்டாஞ்சேனையில் ஒரு அறையில் நான்கு பேர். அவரிடம் ‘பஞ்சமர்’ இருந்தது. பழைய வீரகேசரித் தாளால் உறை போட்டு, அந்த உறைக்கு மேலே ‘கணக்கியல்’ என்று நீலப் பேனாவால் எழுதியிருப்பார். சின்ன வயதில் அது உண்மையாகவே கணக்குப் புத்தகம் என்று நான் நம்பியிருந்தேன். புத்தகம் கசங்காமல் இருக்கத்தான் உறை என்று அம்மா சொல்லுவா. அப்பாவுடைய மற்ற எந்தப் புத்தகத்துக்கும் உறை இல்லை.

பிறகுதான் விளங்கியது. வெள்ளவத்தைக்கு வீடு மாறியபோது வீட்டுக்காரம்மா தேத்தண்ணி தந்தபடியே கேட்டா, ‘தம்பியவை ஊரில எவடம்?’ அப்பா ஊர்ப் பெயரைச் சொன்னார். ‘ஊர் விளங்குது, ஊருக்குள்ள எவடம்? கோயிலடியோ, கடற்கரைப் பக்கமோ?’ யாழ்ப்பாணத்தவர்களுக்கு இந்தக் கேள்வியைப் பற்றி நான் விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொன்னால், அது முகவரி கேட்கிற கேள்வி இல்லை, சாதி கேட்கிற கேள்வி. அப்பா கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, ‘சின்ன வயசிலேயே வெளிக்கிட்டிட்டம், சரியா ஞாபகமில்லை’ என்றார். அவருக்கு ஊரில் ஒவ்வொரு ஒழுங்கையும் ஞாபகம். ஒவ்வொரு கிணறும் ஞாபகம், யார் அள்ளலாம் யார் அள்ளக்கூடாது என்பது உட்பட.

வீடு கிடைத்தது. பதினொரு வருடம் இருந்தோம். வீட்டுக்காரம்மா நல்லவ, தீபாவளிக்குப் பலகாரம் தருவா. திருப்பி நாங்கள் கொடுத்ததை யார் சாப்பிட்டார்களோ, நான் பார்த்ததில்லை.

அதனால்தான் அந்த ஒரு வசனம் எனக்கு ஒரு வசனமாகப் படவில்லை. அப்பா பயத்தில் போட்ட உறையை, பயமே தேவையில்லாத ஒருவர் மேடையில் ஏறிப் போடுகிறார். அப்பா உறை போட்டது வாடகை வீட்டுக்காக. உங்களுக்கு எந்த வீடு பறிபோகும், ஐயா? டானியல் 1986இல் தஞ்சாவூரில் செத்து அங்கேயே அடக்கமானார். அதை மட்டும் உருக்கமாகச் சொன்னீர்கள், ‘பிறந்த மண்ணில் உறங்கக் கிடைக்கவில்லை’ என்று குரல் தழுதழுத்தது. பிறந்த மண்ணில் நடக்கவே எந்தத் தெருவில் விட்டார்கள் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் நானும் சேர்ந்து அழுதிருப்பேன்.

கேள்வி நேரத்தில் கையைத் தூக்கினேன். நேரம் போதாது, தேநீர் தயார் என்று அறிவித்தார்கள். எல்லோருக்கும் ஒரே மாதிரியான கடதாசிக் கோப்பை. நன்றாகத்தான் இருந்தது.

கமென்டில் ‘நீங்கள் ஊரில் எவடம்?’ என்று இதற்குள் ஒருவர் கேட்டாயிற்று. ஆனைக்கோட்டை இல்லை. அதற்கு மேலே சொல்லமாட்டேன். இன்பொக்ஸிலும் கேட்காதீர்கள்.